பக்கத்து நிலத்து வால்ட்டரின் மூன்று ஆயுதங்கள்

1

முதலில் என் மடத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருஷம் அக்டோபர் தொடங்கி நவம்பர் கடைசி வரை, பக்கத்து நிலத்துக்காரர் என்னைக் கொல்லப்போகிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். கோபத்தில் சட்டென்று அல்ல. நிதானமாக, திட்டம் போட்டு, படிப்படியாக. முதலில் வில்லோடு வந்தார். அப்புறம், மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருக்குமே, குழல் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டுக் குச்சியால் இடிக்கிற பழைய துப்பாக்கி, அதோடு வந்தார். நவம்பர் கடைசியில் தொலைநோக்கி பொருத்திய ரைபிளோடு வந்தார். ஆயுதம் வளர வளர என் உயிர் சுருங்கிக்கொண்டே வந்தது.

இன்று காலை காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போது காட்டுப் பக்கம் டமால் என்று ஒரு சத்தம். ராயபுரத்தில் என்றால் சாவு ஊர்வலம் போகிறது, வெடி போடுகிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன். இங்கே மான் சீசன் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அவர் ரைபிளோடு வந்த அந்தச் சனிக்கிழமை போய் ஒரு வருஷம் ஆகிறது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. என் தோஸ்து பாஷா வண்ணாரப்பேட்டையில் டயர் கடை வைத்திருக்கிறான். பக்கத்து டீக்கடையில் என் கதையை அவன் இஷ்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறானாம். அவன் கதையில் நான் துப்பாக்கிக்காரனைக் கட்டிப்பிடித்து உருட்டிவிட்டேனாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மனைவி ஸ்டெல்லா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

2

எங்கள் வீடு ராயபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அப்பா துறைமுகத்தில் கலாசி. கப்பல் சரக்குக்குக் கயிறு கட்டி கிரேன் கொக்கியில் மாட்டுகிறவர். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அவர்கள் ஆணி அடித்தால் எங்கள் வீட்டு மாதா படம் ஆடும். அந்தச் சந்தில் யாரும் யாரிடமும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் மாடியில் யார் யாரோ துணி காயப்போடுவார்கள். நான் யார் வீட்டிலோ சாப்பிட்டுவிட்டு யார் வீட்டிலோ தூங்குவேன். ஒருவன் உள்ளே வராமல் வெளியே நின்று வீட்டையே பார்க்கிறான் என்றால், ஒன்று அவன் போலீஸ், இல்லையென்றால் சண்டைக்கு வந்தவன். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு இரும்பு வார்ப்படத் தொழிற்சாலையில் வேலை பழகினேன். அந்த வேலைதான் என்னை இங்கே, பென்சில்வேனியாவில் இன்னொரு வார்ப்படத் தொழிற்சாலைக்குத் தூக்கிக்கொண்டு வந்தது. உருகின இரும்பின் வாசனை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆறு மணி ஷிப்ட், அதே தலைக்கவசம், அதே காது அடைப்பான். கேன்டீனில் சாம்பார் மட்டும் இல்லை.

பத்து வருஷம் வாடகை அடுக்குமாடியில் இருந்துவிட்டு, போன வருஷம் ஏப்ரலில் ஊருக்கு வெளியே வீடு வாங்கினோம். பின்னால் புல்வெளி, அதற்குப் பின்னால் எங்களுக்கே எங்களுக்கென்று ஒரு துண்டுக் காடு. நான் 'காடு' என்று சொன்னதும் பாஷா கேட்டான்: "காட்ட வாங்கிக்கினு இன்னாடா பண்ணப்போற, சந்தனக்கட்டை கடத்தப்போறியா?"

மே மாதம் பக்கத்து நிலத்துக்காரர் வந்தார். பெயர் வால்ட்டர். எங்கள் சந்திலேயே மூன்று வால்ட்டர் உண்டு என்பதால் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. எழுபது தாண்டியவர், மனைவி இல்லை, ஒரு முழங்காலில் ஆபரேஷன். கையில் கண்ணாடித் தட்டு. அதில் ஆப்பிளை மாவுக்குள் வைத்து அவரே சுட்ட 'ஆப்பிள் பை'. புல்வெளி ஓரத்தில் நின்றுகொண்டு கேட்டார்: "முன்னால் இருந்தவர் அந்தக் காட்டில் என்னை நடக்க விடுவார். நாற்பது வருஷப் பழக்கம். உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?"

"இது உங்கள் வீடு. எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்" என்றேன். நம் ஊரில் இதெல்லாம் ஒரு கேள்வியா?

3

ஷெரின் எங்கள் மகள். வீடு வாங்கும்போது பதினைந்து. தன் அறைக்கு ஊதா நிறம்தான் வேண்டும் என்றாள். நானே பெயிண்ட் வாங்கி வந்து, முதுகு ஒடிய அடித்தேன். ஆகஸ்டில் அவளுக்குப் பதினாறு ஆயிற்று. ஊதா சின்னப் பிள்ளைகள் நிறமாம், சாம்பல் நிறம் வேண்டுமாம். சாம்பலும் அடித்தேன். மிச்சம் ஒரு டப்பா ஊதா கிடந்தது.

ஆகஸ்ட் பதினைந்து அன்று எனக்கு விடுமுறை இல்லாவிட்டாலும் காலையில் மனசு கொடி ஏற்றிவிடும். சின்ன வயதில் துறைமுகக் குடியிருப்பில் கொடியேற்றத்துக்கு முன்னால் வேப்பமரத்துக்கெல்லாம் சுண்ணாம்பும் காவியுமாகப் பட்டை அடிப்பார்கள். அப்பாவும் சுண்ணாம்பு மட்டை பிடிப்பார். மரத்தில் பட்டை ஏறிவிட்டால் இடம் விசேஷத்துக்குத் தயார், வாருங்கள் என்று அர்த்தம். ஊதா டப்பாவைப் பார்த்தேன். எல்லையில் வரிசையாக நிற்கிற பன்னிரண்டு மேப்பிள் மரங்களைப் பார்த்தேன். ஷிப்ட் முடிந்து வந்து, இடுப்பு உயரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வளையம் போட்டேன். வளையம் பிசகாமல் இருக்க அப்பா மாதிரி கயிறு கட்டி அளந்தேன்.

படம் எடுத்து பாஷாவுக்கு அனுப்பினேன். "இன்னா மாமு, அமெரிக்காவையே கார்ப்பரேஷன் பார்க்காக்கிட்ட!" என்றான்.

ஷெரின் வெளியே வந்து பார்த்தாள். "டாடி, ஆர் யூ ஷ்யூர்?"

"ஷ்யூர்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு மூன்று மாதம் 'சரி', 'இல்லை', 'பசிக்கலை' என்ற மூன்று சொற்களில் என்னோடு குடித்தனம் நடத்தினாள். வயது, என்று ஸ்டெல்லா சொன்னாள். நானும் வயது என்றுதான் நினைத்தேன்.

4

அந்த மாதத்திலேயே வால்ட்டர் மாறிப்போனார். முன்பெல்லாம் வண்டியில் போகும்போது ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவார். இங்கே அது வணக்கம். இப்போது விரல் எழவில்லை. நான் கையை ஆட்டினால், தலையை மட்டும் லேசாக அசைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் முதல் வாரம் ஒரு காலை, சமையலறை ஜன்னல் வழியே பார்க்கிறேன், எல்லையில் ஒரு புதர் நடந்து வருகிறது. புதருக்கு முகத்தில் மை, கையில் வில். வால்ட்டர். நேரே என் முதல் மரம் வரை வந்தார். நின்றார். ஊதா வளையத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். என் வீட்டையே பார்த்தார். திரும்பிப் போனார்.

மான் வேட்டை என்று ஒன்று உண்டு என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தொழிற்சாலையில் பாதிப் பேர் அதைத்தான் பேசுவார்கள். ஆனால் வேட்டைக்காரன் என்றால் காட்டுக்குள் போக வேண்டியதுதானே? உள்ளே வராமல், வெளியே நின்று, என் வீட்டை எதற்குப் பார்க்க வேண்டும்? ராயபுரத்து மூளை கணக்குப் போட்டு முடித்துவிட்டது. போலீஸ் இல்லை. அப்படியானால்?

இரண்டு வாரம் கழித்து டொம் என்று ஒரு சத்தம். எல்லைக்கு அந்தப் பக்கம், ரயில் என்ஜின் மாதிரி வெள்ளைப் புகை. புகை விலகினால் உள்ளே வால்ட்டர், நீளக் குழல் துப்பாக்கியோடு. மறுபடியும் அதே மரம், அதே பார்வை.

எனக்குக் காலை எட்டு என்றால் பாஷாவுக்குச் சாயங்காலம் ஐந்தரை, டீ நேரம். போன் போட்டேன். ஸ்பீக்கரில் வைத்திருக்கிறான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

"மாமு, நல்லா கேட்டுக்கோ" என்றான். "மொதல்ல வில்லு. அப்பால நாட்டுத் துப்பாக்கி. படி ஏறி வந்துகினு கீறான். அடுத்தது பீரங்கிதான்."

"கலாய்க்காதடா. எனக்கு இங்க உயிரு போவுது."

"சரி, நீ இன்னா பண்ண அவன?"

"ஒண்ணும் பண்ணலடா."

"அவரு குடுத்த ஆப்பிள் பைய துன்னியா?"

"துன்னேன்."

"தட்டத் திருப்பிக் குடுத்தியா?"

தட்டு அலமாரியில் இருந்தது. பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது, கிறிஸ்துமஸுக்குக் கல்கல் சுட்டு நிரப்பிக் கொடுக்கலாம் என்று ஸ்டெல்லா எடுத்து வைத்திருந்தாள்.

டீக்கடையில் வேறு ஏதோ குரல் சொன்னது: "அதான் நைனா மேட்டரு! மேமாசம் வாங்கின தட்ட அமுக்கிகினு குந்திகினு கீறாரு. துப்பாக்கி எடுக்காம இன்னா பண்ணுவான்?"

5

நான் சிரிக்கவில்லை. நியூஜெர்சியில் என் சித்தப்பா மகன் இருக்கிறான். அவன் அடுக்குமாடியில் எல்லாச் சுவருக்கும் இரண்டு பக்கம் உண்டு. இரண்டு பக்கமும் நம் ஆட்கள். அங்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன். வீட்டை விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட் அம்மாவோடு பேசி, படிவத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் விடுமுறைக்கு அடுத்த திங்கட்கிழமை கேமராவோடு வந்து படம் பிடிப்பதாகச் சொன்னார்.

ஸ்டெல்லா காசிமேட்டில் மீன் ஏலம் விட்ட அம்மாவின் மகள். பயம் என்கிற சரக்கு அந்த வீட்டுக் கூடைக்கு வந்ததே இல்லை.

"நீ போ" என்றாள். "நான் வர்ல. பத்து வருசம் கயிச்சி இப்பதான் எனக்குனு ஒரு வூடு கெடச்சிருக்கு. அந்தப் பொண்ணு இஸ்கூலு முடிக்க இன்னும் ஒன்ற வருசம் கீது. பக்கத்து வூட்டுக் கெயவனுக்குப் பயந்து மூட்டை கட்டுறியா?"

"அவன் கையில ஆயுதம் கீது, ஸ்டெல்லா."

"உனக்கு வாய் கீதுல்ல? போயி கேளேன், இன்னா உன் பிரச்சனைன்னு."

கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் பத்து வருஷமாக இந்த நாட்டில் நான் பழகிக்கொண்டது என்ன தெரியுமா? முகம் மாறினால், தோலைப் பார்த்து மாறியது என்று எடுத்துக்கொண்டு விலகிவிடுவது. பல நேரம் அது சரியாகவும் இருந்திருக்கிறது. அதனால்தான் கேட்காமல் இருப்பது அவ்வளவு சுலபமாக வந்தது.

6

நன்றி நாளுக்கு அடுத்த சனிக்கிழமை காலை ஏழே கால். ரைபிள் சத்தம், மிகப் பக்கத்தில். ஜன்னல் திரையைக் கடுகளவு விலக்கினேன். எல்லையில் வால்ட்டர். இந்த முறை புதர் வேஷம் இல்லை. பளீரென்று ஆரஞ்சு நிறத்தில் சட்டை, தொப்பி.

கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. கதவின் கண்ணாடித் துளையில் பார்த்தேன். அவனேதான். அப்போதெல்லாம் 'அவன்'தான். கையில் துப்பாக்கி இல்லை. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தான். தொப்பிக்குள் கைத்துப்பாக்கி என்று என் மூளை சொன்னது. மூச்சை அடக்கினேன். இரண்டாவது தரம் மணி அடித்தது. ஹால் விளக்கை அணைத்தேன். பகலில் விளக்கை அணைத்தால் யாருக்குத் தெரியும் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவன் போய்விட்டான். ஜன்னலுக்கு ஓடினேன். திரும்பவும் அதே மரத்தடி. ரைபிளை மரத்தில் சாய்த்துவிட்டு என் வீட்டையும் என் விறகுக் குவியலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். நான் தொழிற்சாலைத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குக் கீழே உட்கார்ந்து பாஷாவுக்கு போன் போட்டேன்.

"நின்னுகினே கீறான்டா."

"கதவத் தொறக்காத மாமு! அல்லேலூயா சொல்லிகினே இரு!" பாஷா ஐந்து வேளை தொழுகிறவன். அவனே அல்லேலூயா சொல்கிறான் என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெல்லா குளித்துவிட்டு வந்தாள். மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள்.

"எவ்ளோ நேரமா நிக்கிறாரு?"

"முப்பத்தஞ்சு நிமிசம்."

"யோவ், ஒளிஞ்சி சுடுறவன் ஆரஞ்சுப் பயக் கலர்ல வந்து நிப்பானா? குளுருல கெயவன் வெறச்சிப் போயிகினு கீறாரு!"

நைட்டிக்கு மேல் என் குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு, பின்கதவைத் திறந்து, நேரே நடந்தாள். அவள் வாய் அசைந்தது. அவர் தொப்பியைக் கழற்றினார். ஸ்டெல்லா இரண்டு கையையும் விரித்தாள். அவர் மரத்தைக் காட்டினார். ஸ்டெல்லா வீட்டைப் பார்த்துக் கத்தினாள்: "ஷெரின்! இங்க வா, இவரு இன்னா சொல்றாருன்னே புரியல!"

மூன்று மாதமாகச் சாத்தியிருந்த கதவு திறந்தது. ஷெரின் என்னைத் தாண்டிக்கொண்டு ஓடினாள். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்து மேசைக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"டாடி. அந்த ஊதாவுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கு நிஜமாவே தெரியாதா?"

"எந்த ஊதா?"

அவள் நெற்றியைத் தரையில் வைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு பார்த்தால் அழுகிறாள்.

இந்த மாநிலத்தில் எல்லை மரத்தில் ஊதாப் பெயிண்ட் அடித்தால், 'உள்ளே காலடி வைக்காதே' என்று அர்த்தமாம். பலகை கூட வேண்டாம், நிறமே சட்டம். அவள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியுமாம். "பாவம் அந்தக் கெழவர்கிட்ட மூஞ்சில அடிச்ச மாதிரி உங்கப்பா ஏன் இப்படிப் பண்ணார்னு ஃப்ரெண்ட்ஸ் கேட்டாங்க. நான் கேட்டப்ப நீங்க ஷ்யூர்னு சொன்னீங்க. வேணும்னுதான் பண்ணீங்கன்னு நினைச்சேன் டாடி. எனக்கு உங்க மேல…" முடிக்கவில்லை. முடிக்காதவரை நல்லது.

தலைக்கவசத்தோடேயே வெளியே போனேன். வால்ட்டரிடம் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஆங்கிலம், தமிழ், சைகை எல்லாம் கலந்து, சுதந்திர தினத்திலிருந்து ஆரம்பித்தேன் என்று ஷெரின் சொல்கிறாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "ஆப்பிள் பை உங்களுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்" என்றார்.

"ஏன் என்று கேட்டிருக்கலாமே?"

"ஊதாவைப் பார்த்த பிறகு ஏன் என்று கேட்பது மரியாதை இல்லை." அவர் மரத்தைப் பார்த்தார். "அங்கே நின்று பார்ப்பேன், அவ்வளவுதான். நாற்பது வருஷம் நடந்த இடம்."

விறகுக் குவியலுக்குப் பின்னால் மான் கிடந்தது. அவர் முழங்காலை வைத்துக்கொண்டு தனியாக இழுக்க முடியாது. அப்பா சொல்லிக்கொடுத்த துறைமுகச் சுருக்கு கைக்குத் தானாக வந்தது. கொம்பில் கயிறு போட்டு இருவரும் இழுத்தோம். அவர் வயிற்றைக் கீறும்போது ஸ்டெல்லா பதறினாள்: "அங்கிள், பித்தப் பை ஒடஞ்சிடப்போவுது, பாத்து!" மீன் அரிந்து பழகின கண். ஷெரின் மொழிபெயர்த்தாள். வால்ட்டர் முதல் தடவையாகச் சிரித்தார். மானுக்குப் பித்தப் பையே கிடையாதாம்.

"அதான் அது அமைதியா கீது" என்றாள் ஸ்டெல்லா, என்னைப் பார்த்து.

7

திங்கட்கிழமை ஏஜென்ட் அம்மா கேமராவோடு வந்தார். மான் சுக்கா சாப்பிட்டுவிட்டு, படிவத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை சம்பந்தப்பட்ட அரசு அலுவலகத்துக்கு போன் செய்தேன். ஊதாவை ரத்து செய்ய என்ன படிவம் என்று கேட்டேன். அந்தப் பெண் நிதானமாக விசாரித்தார். எத்தனை அங்குல நீளம்? நீளம் இல்லை, வளையம் என்றேன். கொஞ்ச நேரம் தாள் புரட்டும் சத்தம். சட்டப்படி எட்டு அங்குலத்துக்குக் குறையாத நெடுக்குக் கோடாக இருக்க வேண்டும். வளையம் செல்லாது என்றார்.

"அப்படியானால் நான் யாரையும் தடுக்கவே இல்லையா?"

"சட்டப்படி இல்லை."

ஷெரின் அறையில் மிச்சமிருந்த சாம்பல் பெயிண்டை எடுத்துக்கொண்டு போனோம். ஆறு மரம் அவள், ஆறு மரம் நான். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்தின் நிறம்தான். கிட்டே போனால் மட்டும் ஊதா ஓரத்தில் லேசாக எட்டிப் பார்க்கும். பேசிக்கொண்டே அடித்ததில் அவள் வளையங்கள் எல்லாம் கோணல். கிறிஸ்துமஸுக்குக் கண்ணாடித் தட்டு நிறையக் கல்கல்லோடு வால்ட்டர் வீட்டுக்குப் போயிற்று. புத்தாண்டுக்கு ஆப்பிள் பையோடு திரும்பி வந்தது. இப்போது அது யார் வீட்டுத் தட்டு என்பது யாருக்கும் தெரியாது.

இந்த வருஷமும் அவர் வில்லோடு வந்தார், பிறகு மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியோடு வந்தார். மானுக்குச் சமமான சந்தர்ப்பம் வேண்டும் என்பதால் அரசு முதலில் வில்லுக்கு நீண்ட காலமும், கடைசியில் ரைபிளுக்குக் குறைந்த நாளும் கொடுத்திருக்கிறதாம். ஆயுதம் படியேறியதற்குக் காரணம் காலண்டர்தான். இன்று காலை கேட்ட சத்தம் என் காட்டுக்குள்ளிருந்தே வந்தது.

பாஷா எப்படி வேண்டுமானாலும் சொல்லட்டும். நடந்தது இவ்வளவுதான். வால்ட்டர் தன் நிலத்தில் நின்று ஒரு மானைச் சுட்டார். அது ஓடி வந்து என் நிலத்தில் பத்தடி உள்ளே விழுந்தது. எடுத்துக்கொள்ள அனுமதி கேட்க அவர் வாசலுக்கு வந்து இரண்டு முறை மணி அடித்தார். யாரும் திறக்கவில்லை. செல்லாத ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நாற்பது நிமிஷம் குளிரில் நின்றார். நான் வீட்டில்தான் இருந்தேன்.